விகிதமும் நம் உரிமையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணக்கு என்றதும் அஞ்சி ஒதுங்கும் மாணவர் நம் பாரூர்ப் பகுதியிலும் உண்டு. ஆயின் விகிதம் நமக்குப் புதிதன்று. மாங்காய் 2 கிலோ 60 ரூபாய் எனில், 4 கிலோ 120, 6 கிலோ 180 என்று நம் தாய்மார் சந்தையில் நொடியில் சொல்லிவிடுவர். இவை யாவும் 1:30 என்னும் ஒரே விகிதத்தின் வடிவங்களே. இவற்றையே சமான விகிதங்கள் என்கிறோம். இக்கணக்கை நம் வேலைவாய்ப்பு உரிமைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

சென்னை மாகாணத்தில் 1928ஆம் ஆண்டின் வகுப்புவாரி ஆணைப்படி, அரசுப் பணியிடம் 12க்கு 1 தாழ்த்தப்பட்டோர்க்கு உரியது. 1947இல் அது 14க்கு 2 ஆயிற்று. உயர்வு எவ்வளவு? ஒன்று இரண்டானதால் இருமடங்கு என்று சொல்லிவிடலாகாது; மொத்தமும் மாறியுள்ளதே! அட்டவணை இடுவோம்.

1928
மொத்தம்: 12, 24, 36, 48, 60, 72, 84
நமக்கு: 1, 2, 3, 4, 5, 6, 7

1947
மொத்தம்: 14, 28, 42, 56, 70, 84
நமக்கு: 2, 4, 6, 8, 10, 12

இரு வரிசையும் 84இல் சந்திக்கின்றன. முன்னதில் 7, பின்னதில் 12. இன்று தமிழகத்தில் ஆதிதிராவிடர்க்கு 100க்கு 18. இதனுள் அருந்ததியர்க்கு 3 என 2009இல் சட்டம் வந்தது. இதன்படி 84க்கு 15ஐச் சற்றே கடக்கும்.

வரைபடத்தாளில் கிடையச்சில் மொத்த இடங்களையும், செங்குத்தச்சில் நம் இடங்களையும் குறித்துப் புள்ளிகளை இணையுங்கள். ஆதிப்புள்ளியிலிருந்து மூன்று நேர்கோடுகள் எழும். 1928இன் கோடு தாழ்ந்திருக்கும். 1947இன் கோடு அதற்கு மேலே. இன்றைய கோடு எல்லாவற்றினும் நிமிர்ந்திருக்கும். கோட்டின் ஏற்றமே உரிமையின் ஏற்றம்.

இக்கோடு நம் கையில் ஓர் அளவுகோல். ஓர் அலுவலகத்தில் 150 இடங்கள் நிரப்பப்பட்டன எனக் கொள்வோம். நமக்குரியவை 27. ஒதுக்கீட்டில் 19 பேரே எனில், புள்ளி கோட்டுக்குக் கீழே விழும். காரணம் கேட்பது நம் கடமை.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள். 30 இடங்களுக்கு 5.4 என வரும். மனிதரைப் பின்னமாக்க இயலாது. அதனாலேயே 200 இடங்களுக்கான சுழற்சி முறை உள்ளது. அதில் நமக்கு 36. ஆகவே ஒரு சிறு பட்டியலைக் கண்டு முடிவு கட்டாமல், பல அறிவிப்புகளைக் கூட்டிப் பார்த்துப் பேச வேண்டும். அடுத்து, பொதுப் பிரிவில் தகுதியால் வென்ற நம்மவரை இந்த 18க்குள் சேர்த்து எண்ணலாகாது.

அண்ணல் அம்பேத்கர் 1919இல் சவுத்பரோ குழுவின் முன் எண்களைக் கொண்டே வாதிட்டார். அவ்வழி நமக்கும் உரியது. நம் சங்கத்தில் ஒரு வரைபடத்தாள் தொங்கட்டும். வேலை அறிவிப்பு வரும்போதெல்லாம் இளைஞர் அதில் ஒரு புள்ளி வைக்கட்டும். உரிமையைப் பிறர் சொல்லக் கேட்பதினும் நாமே கணக்கிட்டு அறிதல் நன்று.

வளர்க கல்வி!