பட்டிக்கு முதல் இருபது ஆடுகள்



ஆடு வாங்கப் புறப்படுகின்றவன் முதலில் தன் நிலத்தைப் பார்த்தல் வேண்டும். அதுவும் தை, மாசியில் அன்று. ஐப்பசி, கார்த்திகையில் பார்த்தல் வேண்டும்.

ஆண்டுதோறும் சம்பா அறுவடை முடிந்ததும் சிவகங்கை, இராமநாதபுரப் பக்கத்துக் கீதாரிகள் தம் செம்மறிகளைக் காவிரிச் சமவெளிக்கு ஓட்டி வருகின்றனர். அறுப்பு முடிந்த வயல்களில் கிடை அமர்த்துகின்றனர். புழுக்கையும் சிறுநீரும் மண்ணுக்கு உரமாகின்றன. பெருமழைக்கு முன் அவர்கள் திரும்பிவிடுகின்றனர். அவர்கள் வருவதைக் கண்டு அவாக்கொள்ளும் இளைஞன், அவர்கள் ஏன் திரும்புகின்றனர் என்று கேட்பதில்லை.

ஒரத்தநாடு கல்லணைக் கால்வாய் பாயும் நிலம். வயலில் நீர் தேங்கினால் நத்தை பெருகும். நத்தைவழி ஈரல் தட்டைப்புழு ஆட்டின் உடலுள் புகும். சேற்றில் நின்ற குளம்பு அழுகும். கொசுவினும் சிறிய கடிபூச்சிகளால் நீலநாக்கு நோய் பரவும். கடன் வாங்கிப் பிடித்த ஆடுகள் முதல் மழையிலேயே மடிந்தால், பட்டியில் கடன் மட்டுமே மிஞ்சும்.

ஆகவே, மேட்டில் நனையாத கொட்டிலோ பரணோ அமைத்த பின்னரே ஆடு வாங்குக. தையில் வாங்கினால், அடுத்த பெருமழைக்குள் அது புது மண்ணுக்கும் புல்லுக்கும் பழகிவிடும்.

இனி, எவ்வினம்? மேச்சேரி ஆடு வெளிர்பழுப்பு நிறத்தது, கிடாவுக்கும் கொம்பில்லை, தோலுக்குப் பெயர்பெற்றது. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978 முதல் அதற்கென ஆய்வு நிலையம் உள்ளது. வேம்பூர் ஆடு உயரமானது. வெண்மேனியில் செந்திட்டுகள் உடையது. இராமநாதபுரம் வெள்ளையின் கிடாவுக்கு முறுக்குக் கொம்பு. செம்பழுப்பு மேனியும் கருத்த அடிவயிறும் உடைய கீழக்கரிசல் இன்று அருகிவிட்டது. இவற்றுள் ஒன்றைத் தேர்க, இரண்டைக் கலவற்க.

தொல்காப்பிய மரபியல் ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்கள் கூறுகிறது. ஆட்டைப் பார்த்துப் பார்த்து வளர்த்த மக்களுக்கே இத்தனை சொற்கள் வேண்டியிருந்தன. வழக்கொழிந்த சொல் நூலிலேனும் கிடக்கும். அழிந்த இனம் எந்நூலிலிருந்தும் எழுந்து வாராது.

சந்தையில் வாங்கற்க, அங்கே பல பட்டி ஆடுகளும் அவற்றின் நோய்களும் கலக்கும். கீதாரியின் கிடைக்கே சென்று, தாயாட்டையும் கண்டு வாங்குக. வாயைத் திறந்து பார்க்க: கீழ்த்தாடையில் 2 அல்லது 4 பெரும்பற்கள் முளைத்த பெட்டையே ஏற்றது. பல் தேய்ந்த கிழடு மலிவாயினும் வேண்டா. கீழிமையை விலக்கிப் பார்க்க: வெளுத்திருந்தால் குருதி உறிஞ்சும் குடற்புழு இருத்தல் கூடும். மடியின் இரு காம்புகளும் பழுதின்றி இருத்தல் வேண்டும். 20 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். அதன் விரைகள் ஒத்திருத்தல் வேண்டும். அது வேறு கிடையினதாக இருத்தலும் வேண்டும். அதன் மகள்கள் பருவம் அடையுமுன் கிடாவை மாற்றிவிடுக.

வந்த ஆடுகளை ஒரு திங்கள் தனியே நிறுத்துக. ஒரத்தநாட்டிலேயே 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. புழுக்கையை ஆய்வித்துப் புழுமருந்து கொடுக்க. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, நீலநாக்கு ஆகியவற்றுக்குத் தடுப்பூசி இடுவிக்க.

சினையாடு ஏறத்தாழ ஐந்து திங்களில் ஈனும். முதற் பெட்டைக்குட்டிகளை விற்கற்க. பட்டி அவற்றால்தான் பெருகும். நூறு ஆடுகளோடு தொடங்கி மழையில் இழந்தவன் அல்லன், இருபதோடு தொடங்கி மழையைக் கடந்தவனே பட்டிக்காரன்!