பாலையும் பாலைவனமும்



பாலை என்றதும் மணலை நினைக்கப் பழகிவிட்டோம். தொல்காப்பியம் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் திரிந்த நிலையையே சிலப்பதிகாரம் பாலை என்கிறது. சங்கப் பாலையில் யானை மரப்பட்டை உரிக்கிறது. யானை திரியும் இடம் மணற்காடாக இருக்குமா?

டுபாயில் ஆறு ஆண்டுகள் கணக்கெழுதியவன் நான். ஒரு மாசி மாதத்து விடுமுறையில் அங்குள்ள பாலைவனப் பாதுகாப்பு வலயத்தில் நடக்க வாய்த்தது. 2003 இல் அமைக்கப்பட்டது. 225 சதுர கிலோமீற்றர். சுற்றிலும் வேலி. அனுமதி பெற்ற வழிகாட்டிகளோடுதான் உள்ளே போகலாம்.

மணலில் ஓரடி வைத்தால் அரையடி பின்னுக்கு இழுக்கும். வெறுமையைப் பார்க்கப் போன எனக்கு வழிகாட்டி தரையைக் காட்டினார். வண்டு ஊர்ந்த கோடு, பல்லி வாலின் இழுவை, சிறுமானின் குளம்பு. காற்று எழுமுன் வாசித்துவிட வேண்டும்.

மேட்டுக்கு அப்பால் ஓரிக்ஸ் கூட்டம் நின்றது. வெள்ளை உடல், நெடுங்கொம்பு. காட்டில் வாழ்ந்த கடைசி அரேபிய ஓரிக்ஸ் 1972 இல் வேட்டைக்கு இரையானது. நல்லவேளையாக, 1960களிலேயே சிலவற்றை அமெரிக்காவின் பீனிக்ஸ் விலங்குக் காட்சிசாலையில் சேர்த்திருந்தார்கள். ஒன்பதிலிருந்து மந்தை பெருகியது. 1982 இல் ஓமானில் மீண்டும் காட்டில் விட்டார்கள். 2011 இல் அபாயப் பட்டியலில் அவற்றை ஒரு படி கீழிறக்கினார்கள். ஆனால் அதே ஓமானில், எண்ணெய் தேடுவதற்காக ஓரிக்ஸ் சரணாலயத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் குறைத்தார்கள். 2007 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்தே அது நீங்கியது. வேலி போட்டவரே வேலியை நகர்த்தவும் கூடும்.

வெயில் ஏற, காஃப் என்று அரபியர் சொல்லும் மரத்தடியில் இருந்தோம். இலையைப் பார்த்ததும் அறிந்துகொண்டேன்: வன்னி! சிவன் கோயில்கள் சிலவற்றின் தலமரம். ஆழ வேர்விட்டு அடிநிலத்து நீரைத் தேடும் மரம்.

பொருள்வயிற் பிரிவு பாலைக்கு உரியது. சங்கப் பாட்டில் தலைவன் போவான், தலைவி காத்திருப்பாள். இன்று எங்கள் ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் பெண்கள் போகிறார்கள், பிள்ளைகள் காத்திருக்கின்றன. எங்களோடு வந்த மட்டக்களப்புப் பெண் ஹோட்டலொன்றில் வேலை செய்பவர். உதிர்ந்து கிடந்த வன்னிக் கொப்பொன்றை எடுத்தார்.

"மகனுக்குக் காட்டவேணும் அண்ணை."

இங்கிருந்து எதையும் கொண்டுபோகக் கூடாது என்றார் வழிகாட்டி. அவர் கொப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கையிலிருந்த மணலைத் தட்டினார்.