எழுத்துக்காகக் கூடிய அவை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவியரங்கமும் நூல் அறிமுகமும் நடக்கும் இம்மேடையில் கணினித் தமிழைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கவிதைக்கும் கணினிக்கும் நடுவே நிற்பது எழுத்து. அந்த எழுத்து கணினிக்குள் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சில தமிழர்கள் கூடிப் பேசித் தீர்மானித்தார்கள். ஒருவர் சுவிட்சர்லாந்தில் இருந்தார், ஒருவர் மலேசியாவில், ஒருவர் கனடாவில், ஒருவர் ஆஸ்திரேலியாவில். பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. மின்னஞ்சல் வழியே கூடிய அவை அது. வள்ளுவர் அவையறிதல் என்றும் அவையஞ்சாமை என்றும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வைத்தார். அவ்விரண்டும் தேவைப்பட்ட அவை அது என்பதனால், அதன் கதையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண் வந்தால் இந்த வடிவத்தைக் காட்டு என்று சொல்லிவைக்க வேண்டும். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் தமிழுக்குச் செயலி செய்தவர்கள் அவரவர் வசதிப்படி எண் கொடுத்தார்கள். கனடாவில் சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன் என ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர். ஒவ்வோர் ஊருக்கும் தனி நாணயம். ஓர் எழுத்துருவில் அடித்த கட்டுரை வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தெரியும். சொல் அழியவில்லை, ஆனால் படிக்க வழியில்லை.

இந்நிலையிலும் கவிதைதான் முன்னே போயிற்று. 1995இல் சிங்கப்பூரில், அந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றும் முயற்சி நடந்தது. தமிழ்ப் பகுதியைச் சாத்தியமாக்கியவர் நா. கோவிந்தசாமி, அவரே ஒரு சிறுகதை எழுத்தாளர். இணையத்தில் முதன்முதல் தோன்றிய தமிழ்ப் பக்கங்களில் கவிதைகள் இருந்தன என்பது இந்த அவை மகிழ வேண்டிய செய்தி. ‘இணையம்’ என்ற சொல்லையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். 1997இல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1999இல் அவர் காலமானார்.

அதே ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ் இணையம் என்ற மின்னஞ்சல் அவையில் தமிழர்கள் தமிழிலேயே எழுதிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அங்கே மூண்ட விவாதங்களிலிருந்து, எல்லாரும் ஏற்கும் ஒரே எண்முறை வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. திஸ்கி என்று பெயர் பெற்ற குறியேற்றம் அவ்வாறு உருவானது. மொத்தம் 256 இடங்கள். முதற்பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழ் குடியேற வேண்டும். 247 எழுத்துக்கு 128 இடம்! பழைய அச்சுக்கோப்பாளர்கள் செய்ததையே இவர்களும் செய்தார்கள். கொம்பையும் காலையும் தனித்தனி அச்சாக வைத்துக்கொண்டார்கள். ‘கொ’ என்ற எழுத்து ஒற்றைக் கொம்பு, க, கால் என மூன்று துண்டுகளால் ஆயிற்று. கிரந்த எழுத்துகளுக்கு இடம் உண்டா, தமிழ் எண்களுக்கு இடம் உண்டா என்ற கேள்விகளுக்கும் விடை காண வேண்டியிருந்தது. இரண்டுக்கும் இடம் கிடைத்தது.

ஊதியம் பெறாமல் நடந்த வேலை இது. முன்மொழிவு வெளிப்படையாக வைக்கப்படும், யாரும் மறுக்கலாம், மறுத்தவர் காரணம் சொல்ல வேண்டும். கடுஞ்சொல் எழாமல் இல்லை. ஆனாலும் வேலை நின்றுவிடவில்லை. எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 1999 பிப்ரவரியில் தமிழக அரசு சென்னையில் நடத்திய தமிழ் இணைய மாநாட்டின் வழியே டாம், டாப் என்ற வேறு இரு குறியேற்றங்கள் அரசின் ஏற்பைப் பெற்றன. புலம்பெயர்ந்தோர் ஒரு வழியும் தமிழகம் ஒரு வழியுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன.

அந்த மாநாட்டின் நிலைத்த கொடை தமிழ்99 விசைப்பலகை. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ‘பக்கம்’ என்று அடிக்கும்போது ககர விசையை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ‘பந்து’ என்று அடிக்க ந, த என்று தட்டினாலே நகரம் ஒற்றாகிவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும் என்ற இலக்கணம் அங்கே விரல்நுனிக்கு வந்துவிட்டது. இலக்கணம் அறிந்தவர்களும் பொறி அறிந்தவர்களும் ஒரே மேசையில் அமர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவர்கள் ஒரே மேசையில் அமராதபோது என்ன விளையும் என்பதற்கும் சான்று இருக்கிறது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கான இட அமைப்பு, இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே சட்டமாகச் செய்யப்பட்ட இஸ்கி முறையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. தேவநாகரியில் அங்கே மூன்று எழுத்துகள் உண்டு, நமக்கு இல்லை. ரகரத்தை அடுத்து றகரமும், ளகரத்தை அடுத்து ழகரமும், அதன் பின் வகரமும் வரும். எண் வரிசையை மட்டும் நம்பி அகராதி அடுக்கினால் நம் நெடுங்கணக்கு குலைந்துவிடும்; வரிசைப்படுத்தத் தனி விதி எழுத வேண்டியிருக்கிறது. எல்லாவற்றிலும் நுட்பமானது ஒன்று. மெய்யின்மேல் அகரம் ஏறியே ‘க’ பிறக்கிறது என்பது நம் இலக்கணம். கணினியிலோ ‘க’ முதல். அதனோடு புள்ளி சேர்ந்தால்தான் ‘க்’. மெய் ஒரு படி இறங்கி, தன் உயிர்மெய்யைச் சார்ந்து வாழ்கிறது.

இதனால் தமிழ் அழிந்துவிடவில்லை. ஒருங்குறி வந்ததால்தான் இன்று கைப்பேசியில் கவிதை எழுதுகிறோம்; அந்த நன்மை பெரிது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ் 16 என்ற முறை வகுக்கப்பட்டு, 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு அதையும் ஏற்றது. ஆனால் அதற்குள் உலகம் ஒருங்குறியில் குடியேறிவிட்டது. அடித்தளம் போடும் நாளில் நம் இலக்கணம் அங்கே பேசவில்லை. வீடு எழும்பிய பின் பேசியது. நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்: எழுத்தைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் அவையில் எழுதுகிறவன் இருக்க வேண்டும்.

இருந்தபோது பயன் விளைந்ததும் உண்டு. கிரந்தத்துக்கென ஒருங்குறியில் தனித் தொகுதி அமைக்க முயன்றபோது, எ, ஒ, ழ, ற, ன என்ற தமிழ் எழுத்துகளையும் அதற்குள் சேர்க்க ஒரு முன்மொழிவு வந்தது. 2010இல் தமிழறிஞர்கள் மறுப்புத் தெரிவித்தார்கள். தமிழக அரசும் தலையிட்டு அவகாசம் கேட்டது. 2014இல் கிரந்தத் தொகுதி வெளிவந்தபோது அந்த ஐந்து எழுத்துகளும் அதில் இல்லை.

இன்னொரு செய்தி நம் ஊருக்கு நெருக்கமானது. அண்ணாமலையார் கோயிற்சுவர்களில் உள்ள கல்வெட்டுகளை நீங்கள் அறிவீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. நிலத்தையும் நெல்லையும் அளந்து கணக்கு வைத்த நம் முன்னோர் மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்று பின்னங்களுக்குத் தனிக் குறிகள் வைத்திருந்தார்கள். கல்லிலும் ஓலையிலும் இருந்த இத்தகைய குறிகள் கணினிக்குள் வர நெடுநாள் இடமில்லாதிருந்தது. பல ஆண்டு ஆய்வுக்கும் விவாதத்துக்கும் பிறகு 2019இல் பின்னங்களும் அளவைக் குறிகளுமாக 51 குறிகள் ஒருங்குறியில் சேர்ந்தன. இனி ஒரு பழங்கணக்கை உள்ளபடியே பதிப்பிக்க முடியும்.

எழுத்துக்கு இடம் கிடைத்த பின் நூலுக்கு இடம் தேடினார்கள். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைக்கும் பணி. ஒருவர் ஒரு நாட்டில் அடிப்பார். வேறொருவர் வேறொரு நாட்டில் மெய்ப்பு பார்ப்பார். இப்பணிக்கு முன்னோடி நம் ஊர்க் கவிஞருக்கு வாய்த்தவர். அருணகிரிநாதர் பாடியவை பதினாறாயிரம் என்பது மரபு. இன்று நமக்கு இருப்பவை ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். அவையாவது எஞ்சியது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீதித்துறையில் பணியாற்றிய வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகச் சுவடி தேடித் திரட்டியதால். சுவடி உள்ள வீட்டைத் தேடிப் போகும் கால்கள் அன்று வேண்டியிருந்தன. பழைய கோப்பைத் தேடித் திறக்கும் கைகள் இன்று வேண்டும்.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூட மின்வடிவில் சேர்த்துவருகிறது. ஓரிடத்தில் வைத்தது எரியும்; பல இடங்களில் வைத்தது எஞ்சும் என்பது அவர்கள் பட்டுக் கற்ற பாடம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, இ. மயூரநாதன் போன்றோர் இட்ட அடித்தளத்தின்மேல், இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டிருக்கிறது. 2012 முதல் கணியம் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிப் பரப்பிவருகிறது. அவை கலையவில்லை, பெயரும் இடமும் மாறித் தொடர்கிறது.

இன்று அந்த அவையில் பேசப்படுவது என்ன? எழுத்துக் காலம் கடந்து பேச்சுக் காலம் வந்திருக்கிறது. பேசினால் எழுதும் கருவி வந்துவிட்டது. எழுதினால் மொழிபெயர்க்கும் கருவி வந்துவிட்டது. கேட்டால் கட்டுரையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. இவை யாவும் ஏற்கெனவே எழுதப்பட்டதையும் பேசப்பட்டதையும் கொண்டே கற்கின்றன. எது கணினிக்குள் இருக்கிறதோ அதுவே அவற்றுக்குத் தமிழ். செங்கத்துச் சந்தையில் பேசும் பேச்சும், போளூர் நெசவாளர் வீட்டுச் சொல்லும், சவ்வாது மலைமக்கள் வழக்கும் அங்கே இல்லையென்றால், அப்படி ஒரு தமிழ் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. கவிஞன் புணர்த்தி எழுதிய சொல்லைப் பிழையென்று சிவப்புக் கோடிட்டுக் காட்டும். அசை நோக்கி அவன் நீட்டிய சீரைத் திருத்த முற்படும். பிள்ளைகள் கருவியை நம்புவார்கள். இரண்டு தலைமுறையில் கருவியின் தமிழே தமிழாகிவிடக் கூடும்.

ஆகவே இந்த வட்டத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறேன். முதலாவது, உறுப்பினர் நூல்களும் நம் ஆண்டு மலர்களும் பழைய எழுத்துருக் கோப்புகளாக இருந்தால், அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றும் செயலிகள் இருக்கின்றன. மாற்றிய பின் மெய்ப்புப் பார்க்கத் தமிழறிந்த கண் வேண்டும், அது நம்மிடம் இருக்கிறது. இரண்டாவது, நம் வட்டாரச் சொற்களைப் பொருளோடும் எடுத்துக்காட்டோடும் திரட்டி, கூடுமானவரை குரலாகவும் பதிந்து, உரியவர் இசைவோடு பொதுவில் வைக்க வேண்டும். மூன்றாவது, எழுத்து, விசைப்பலகை, சொற்பிழை திருத்தி பற்றிய முன்மொழிவுகள் கருத்துக்காக வெளியிடப்படும்போது அவற்றைப் படித்து, காரணத்தோடு மறுமொழி எழுத நம்மில் நால்வர் முன்வர வேண்டும். கணினி தெரியாதே என்று தயங்க வேண்டாம். கணினி தெரிந்தவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். ழகரம் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்தாம் குறைவு.

பத்தாண்டுகளாக இந்த வட்டத்தில் ஒரு சொல்லுக்காக இரவு நெடுநேரம் வாதாடியிருக்கிறீர்கள். அதே வாதத்தை அந்தப் பெரிய அவைக்கும் கொண்டுசெல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.