மீன் மேசையும் கணனி மாநாடும்



2025 செப்ரெம்பரில் ஒருநாள், ஒஸ்லோவில் கணனி விஞ்ஞானம் படிக்கிற எங்கடை பிள்ளைகள் ஒன்பது பேரோடு ஆராய்ச்சி, புத்தாக்க மாநாடு ஒன்றுக்குப் போய் வந்தேன். அதைப்பற்றிக் கொஞ்சம் கதைக்கச் சொல்லி நிலையத்தார் கேட்டார்கள். உனக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நான் கணனி படித்தவன் அல்ல. என் தங்கையின் மகள் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. "மாமா, நீங்களும் வாங்கோ, ஆரும் வரலாம்" என்றாள். இரவு வேலை முடிந்து வந்த உடம்பு. ஆனாலும் வெளிக்கிட்டுவிட்டேன்.

குரூருட்டில் 5ஆம் இலக்கச் சுரங்க ரயிலில் ஏறி, பல்கலைக்கழகத்தைத் தாண்டி, ஆராய்ச்சிப் பூங்கா நிறுத்தத்தில் இறங்கினோம். அந்த இடத்தில் இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஊலே யூஹான் டால் என்பவரின் பெயர், மற்றதற்குக் கிறிஸ்ரன் நீகோர் என்பவரின் பெயர். அந்தப் பக்கம் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். இவர்கள் ஆர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மருமகள்தான் சொன்னாள். 1960களில் இந்த இருவரும் நோர்வே கணிப்பு நிலையத்தில் இருந்து சிமுலா என்ற கணனி மொழியை உருவாக்கினார்களாம். 2001ஆம் ஆண்டுக்குரிய ரூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. அடுத்த வருடமே, 2002இல், சில கிழமை இடைவெளியில் இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள்.

"அந்த மொழியில் அப்படி என்ன விசேஷம்?" என்று கேட்டேன். அவள் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள். "மாமா, ஒரு துறைமுகத்தை நினையுங்கோ. வள்ளம் என்றால் என்ன என்று ஒருக்கால் எழுதினால் போதும். அதுக்கு ஒரு இலக்கம் இருக்கும், ஏற்றின மீனின் நிறை இருக்கும், அது கரைக்கு வரும், போகும். பிறகு அந்த அச்சிலேயே நூறு வள்ளத்தை விடலாம். ஒவ்வொன்றும் தன்ரை கணக்கைத் தானே வைச்சிருக்கும்." இன்றைக்குப் பிள்ளைகள் எழுதுகிற ஜாவா, சி பிளஸ் பிளஸ் எல்லாம் இந்த யோசனையில் இருந்து வளர்ந்தவைதானாம். உலகம் முழுக்கப் பாவிக்கிற ஒரு விஷயம் நாங்கள் ரயில் ஏறி இறங்குகிற இடத்தில் பிறந்திருக்கிறது.

மாநாட்டு மண்டபத்துக்குள் ஒரே சனம். மேடைப் பேச்சுகள் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கின பாதியும் முதலீட்டைப் பற்றித்தான். எங்கடை பிள்ளைகள் இலவசப் பேனா, துணிப்பை சேர்ப்பதில் படு கெட்டிக்காரர். மத்தியானச் சாப்பாட்டு வரிசையிலும் அவர்கள்தான் முன்னுக்கு.

ஒரு கூடத்தில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகளுக்கான கருவி ஒன்றைக் காட்டினார்கள். மேசைக்கு மேலே கமரா. அது மீன் துண்டைப் பார்த்து முள் எங்கே, இரத்தக்கறை எங்கே என்று சொல்லும். உண்மையில் அருமையான வேலை. அதோடு, வெட்டுகிற ஆளின் கைகளையும் அது பார்க்கும். எத்தனை செக்கனில் ஒரு துண்டு முடிகிறது, எவ்வளவு வீணாகிறது என்று ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு திரையில் ஏறி இறங்கியது. ஒரு கோடு சிவப்பாக இருந்தது.

அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை.

நேயர்களே, உங்களில் பலர் என்னைப்போல வடக்கே பின்மார்க்கில்தான் இந்த நாட்டு வாழ்க்கையைத் தொடங்கினீர்கள். நான் 1987இல் வந்தேன். நான் நின்ற தொழிற்சாலைக்குக் கணனித் தராசு வந்தபோது, கிழமை முடிவில் ஒரு கடதாசியைச் சுவரில் ஒட்டுவார்கள். ஆர் எத்தனை கிலோ, ஆருடைய துண்டில் எவ்வளவு கழிவு என்று அதில் இருக்கும். கையில் நோவோடு நின்ற ஒரு யாழ்ப்பாணத்து அக்கா மூன்று கிழமையாக அடியில் இருந்தா. கணக்குப் பிழை என்று அவவுக்குச் சந்தேகம். கேட்க மொழி இல்லை. எனக்குக் கொஞ்சம் மொழி இருந்தது. ஆனால் நான் கேட்கவில்லை. விசா புதுப்பிக்கிற நேரம், வாயைத் திறந்து ஏன் வில்லங்கம் என்று இருந்துவிட்டேன். அவ வேலையை விட்டிட்டுப் போயிட்டா.

நான் இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. மருமகள் தானாகத்தான் கூடத்தில் நின்றவரிடம் கேட்டாள்: "இந்த எண்களை ஆர் பார்ப்பார்கள்? வேலை செய்கிறவர் தன்னுடையதைப் பார்க்கலாமா? பிழை என்றால் ஆரிடம் சொல்வது?" அந்தத் தம்பி நல்ல பிள்ளை. ஆனால் அதை வாங்குகிற தொழிற்சாலைதான் தீர்மானிக்கும் என்றார். "நீங்கள் அதுக்கு ஒரு திரை செய்யலாமே" என்றாள். ஒருவரும் கேட்கவில்லை என்றார்.

வெளியே வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது, இதை எங்கே படித்தாய் என்று கேட்டேன். நீகோரிடமிருந்துதான் என்றாள். அந்த மனிதர் மொழி செய்ததோடு நிற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, பட்டறைக்குள் கணனி வந்தால் தொழிலாளிக்கு என்ன நடக்கும் என்று ஆராய்ந்திருக்கிறார். ஆராய்ந்தது தொழிலாளர்களையும் கூட வைத்துக்கொண்டு. 1975இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிமார் சங்கமும் இதைப்பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தன. புதுக் கணனி முறைகளைப் பற்றித் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு அறிவிக்க வேண்டும், அவர்களோடு கலந்து பேச வேண்டும் என்பது அதில் உண்டு. அப்படியென்றால் நான் பின்மார்க்கில் கால் வைக்கப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னமே அந்த வழி இருந்திருக்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் சங்கத்துக்குக் காசு கட்டினேன். சங்கத்திடம் என்ன கேட்கலாம் என்று ஒருநாளும் விசாரிக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த அக்காவின் கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டாள். பிறகு, "மாமா, அந்த இடத்தில் கோடை வேலைக்கு என்னைக் கேட்டிருக்கினம்" என்றாள். தங்கைக்கு இதைச் சொன்னால் கோயிலில் அர்ச்சனை செய்வாள். சம்பளம் நல்லது, பெயர் நல்லது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை.

அன்றிரவே அவள் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். வேலைக்கு வர விருப்பம், ஆனால் மேசையில் நிற்பவர் தன் கணக்கைத் தானே பார்க்கிற திரையைத்தான் செய்ய விருப்பம் என்று. அனுப்ப முதல் எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் சொன்னேன். திரையில் நோர்வேஜிய மொழி மட்டும் இருந்தால் காணாது என்று. அதையும் சேர்த்தாள்.

இந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்கிற இன்றுவரை பதில் வரவில்லை.