முடிவில்லாத கணக்கும் மூன்று என்னும் விடையும்



மெட்ரிகுலேஷனோடு கல்வியை நிறுத்திக்கொண்டு புகைவண்டி இலாகாவில் குமாஸ்தாவாக இருக்கும் யான், 'அனந்தம்' பற்றிப் பேசத் துணிந்தமைக்குக் காரணம் மற்றொரு குமாஸ்தா. அவர் 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்த கும்பகோணத்து இராமானுஜன். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாமையால் எப்.ஏ. தேர்வில் தவறியவர்.

1911ஆம் ஆண்டில் அவர் இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் ஒரு வினா விடுத்தார். அதன் ஆசிரியர் நாராயண ஐயங்கார், அந்நாளைய மைசூர் சமஸ்தானத்துப் பெங்களூரில், சென்ட்ரல் காலேஜில் இருந்தவர். நமக்கும் அதில் சிறிது பங்குண்டு அன்றோ!

வினா இதுதான். ஒன்றோடு, இரண்டால் பெருக்கிய ஒரு வர்க்கமூலத்தைக் கூட்டி, அம்மொத்தத்திற்கு வர்க்கமூலம் காண்க. உள்ளிருக்கும் மூலத்தினுள்ளும் அதே அமைப்பு. பெருக்கும் எண் மட்டும் மூன்று. அதனுள் நான்கு. அதனுள் ஐந்து. இவ்வாறு முடிவின்றிச் செல்வதன் மதிப்பு யாது?

ஆறு திங்கள் காத்திருந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. அவரே சொன்னார்: மூன்று!

மூன்றின் வர்க்கம் ஒன்பது. அஃது 1 + 2×4. அந்நான்கின் வர்க்கம் பதினாறு. அஃது 1 + 3×5. ஐந்தின் வர்க்கம் 1 + 4×6. இப்படியே விரித்துக்கொண்டு போகலாம்.

இதை வீட்டில் பெருமையோடு விளக்கியபோது என் மூத்த மகள், "எங்காவது நிறுத்தினால்தானே அப்பா கணக்கு? நிறுத்தினால் மூன்று வருமா?" என்றாள். சரித்திரத்தில் தேறவில்லை என்று நான் கடிந்துகொண்ட பெண் அவள். அவளுடைய கணக்கு நோட்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

வராது என்பதே உண்மை. முதற்படியில் நிறுத்தினால் 1.73, பின்னர் 2.24, 2.56, 2.76. குறையோ 1.27, 0.76, 0.44, 0.24 என்று தேய்கிறது. ஆயினும் எப்படியிலும் அறவே ஒழிவதில்லை. நீங்கள் எத்துணைச் சிறிய அளவைச் சொன்னாலும் அதற்கும் கீழே குறை இறங்கும் படி ஒன்று உண்டு. 'மதிப்பு மூன்று' என்பதன் பொருள் அவ்வளவே. நுண்ணளவு என்பது எங்கோ கிடக்கும் ஒரு துகளன்று, இந்த உறுதிதான். விரித்துக் காட்டினால் மட்டும் போதாது, குறை தேய்வதையும் காட்டவேண்டும் என்பதை அவளுடைய கேள்வியால்தான் யான் உணர்ந்தேன். இத்தகைய தொடர்மூலங்கள் எப்போது ஒரு மதிப்பில் நிற்கும் என்பதற்குப் பின்னாளில் விதி கண்டவரும் ஒரு தமிழரே, டி. விஜயராகவன்.

அன்றிரவே பெட்டியைத் திறந்து நோட்டைக் கொடுத்தேன். ஐந்தாம் படியை அவளே போட்டாள். 2.87.