பெண் படிப்பு அடுத்த வீட்டுக்கா?



ஒத்தக்கடையில் நம் சங்கத்திடம் உதவித்தொகை வேண்டி வரும் பெற்றோரில் பலர் மகனுக்கே கேட்கின்றனர். மகளைப் பற்றி வினவினால், "அவள் அடுத்த வீட்டுக்குப் போகிறவள்தானே, ஐயா!" என்பர். நாமும் மறுமொழி கூறாமல் மகனின் பெயரையே எழுதிக்கொண்டோம். அது நம் குற்றமே.

மறுமொழி தொலைவில் இல்லை. அன்றைய மதுரை மாவட்டத்தில், நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் 1926-இல் பிறந்தவர் கிருஷ்ணம்மாள் அம்மையார். தந்தையார் முன்னரே மறைந்தார். கூலி வேலை செய்த தாயாரோ மகளின் படிப்பை நிறுத்தவில்லை. மதுரையில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் பயின்று பட்டம் பெற்றார். 1950-இல் சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதனை மணந்தார்.

அந்தப் படிப்பு எந்த வீட்டுக்குப் போயிற்று? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன்பின் இருவரும் அப்பகுதிக்கே சென்று பணியாற்றினர். 1981-இல் 'லாப்டி' என்னும் அமைப்பைத் தொடங்கினர். நிலக்கிழாரிடம் விலை பேசி, வங்கிக் கடன் பெற்று, உழுவோருக்கு நிலம் வாங்கித் தந்தனர். பத்திரம் யார் பெயரில்? வீட்டுப் பெண்ணின் பெயரில்! (ஏன் என்பதை இங்குள்ள தாய்மார் அறிவர்.) 2008-இல் சுவீடனில் 'ரைட் லைவ்லிஹுட்' விருதும், 2020-இல் பத்மபூஷணும் அம்மையாரைத் தேடி வந்தன.

இவ்வாண்டு முதல் நம் விண்ணப்பத்தில் மகளின் பெயருக்கே முதல் வரி. எழுதத் தெரியாத தாய்மார் ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்திற்கு வருக. நாமே எழுதித் தருவோம்.