எண்ணைக் கண்டு அஞ்சவேண்டாம், காரணத்தைத் தேடுங்கள்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)





வார்டுகளில் ஜெபிக்கச் செல்லும்போது சிலர் பரிசோதனைச் சீட்டை என் கையில் கொடுத்து, "ஐயா, ஹோமோசிஸ்டீன் கூடுதல் என்று போட்டிருக்கிறதே, மாரடைப்பு வந்துவிடுமா?" என்று கலங்கிக் கேட்கிறார்கள். மருந்து எழுதுவது வைத்தியரின் ஊழியம். ஆனாலும், வைத்தியர்களிடம் கேட்டறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாம் உண்ணும் புரதத்திலிருந்து சரீரத்தில் உண்டாகும் ஒரு பொருளே ஹோமோசிஸ்டீன். ஃபோலிக் அமிலம், பி12, பி6 ஆகிய வைட்டமின்கள் அதைப் பயனுள்ள வேறு பொருளாக மாற்றுகின்றன. அவை குறைந்தால் அது இரத்தத்தில் தேங்கும். லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை பொதுவாகச் சரியான அளவு. சிறுநீரகக் கோளாறு, தைராய்டு குறைவு, புகைப்பழக்கம், முதுமை ஆகியவற்றாலும் அது கூடும். எடுத்த இரத்தத்தை ஐஸில் வைக்காமல் தாமதித்தாலும் எண் பொய்யாக உயர்ந்துவிடும். 100க்கு மேல் போனால், பிறவியிலேயே வரும் ஓர் அபூர்வ நோயா என்று வைத்தியர் பார்ப்பார்.

அந்தப் பிறவி நோயுள்ள குழந்தைகளின் இரத்தக் குழாய்கள் தடித்திருப்பதை அமெரிக்க வைத்தியர் கில்மர் மெக்கலி கண்டார். மற்றவர்களின் மாரடைப்புக்கும் இதுவே காரணமாகலாம் என்று 1969ல் எழுதினார். வைட்டமின் மாத்திரையால் மாரடைப்பைத் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் நார்விட், ஹோப்-2 என்ற இரு பெரிய ஆய்வுகளின் முடிவு 2006ல் வந்தபோது, மாத்திரைகள் எண்ணைக் குறைத்தன, மாரடைப்பைக் குறைக்கவில்லை.

அப்படியானால் இந்தப் பரிசோதனை வீணா? இல்லை. நம் நாட்டில் அது பல வேளைகளில் பி12 குறைவைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த வைட்டமின் பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் இயல்பாக உண்டு. சைவ உணவுக்காரர்கள், இவற்றை வாங்க வசதியற்ற ஏழைகள், முதியோர், சர்க்கரை நோய்க்காக நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுவோர் ஆகியோருக்கு அது எளிதில் குறையும். பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதி வரும். "வயதாகிவிட்டது" என்று விட்டுவிட்டால் நரம்புகள் திரும்பச் சீராகாதபடி கெட்டுப்போகலாம். காலத்தோடு கண்டால் ஊசியோ மாத்திரையோ போதும்.

ஓர் எச்சரிப்பு. பி12 குறைந்திருக்கையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கிச் சாப்பிட்டால் இரத்தசோகை மறையும். நரம்புச் சேதமோ மறைவாகத் தொடரும். ஆகவே வைத்தியரைக் கேளாமல் மாத்திரை வாங்காதீர்கள்.

அன்பானவர்களே, நீங்கள் கொடுக்கும் காணிக்கையை நினைத்தே இதைச் சொல்கிறேன். வருகிற எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை. வைத்தியர் நோயாளியின் அருகில் அமர்ந்து, என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு, பாதத்தைத் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பி12 ஊசியின் விலை சொற்பம். ஆனால் அதற்கும், பேருந்துக் கட்டணத்துக்கும் வழியில்லாத தாய்மார் உண்டு. உங்கள் காணிக்கை அவர்களைச் சேரட்டும்.

இன்று வீடு திரும்பியதும், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பாதம் மரத்துப்போகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் தாமதியாமல் அழைத்து வாருங்கள். எங்கள் வைத்தியர்களுக்காகவும் செவிலியருக்காகவும் ஆய்வுக்கூடப் பணியாளருக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.